ஆங்கில ரோஜாவும் மண்ணின் மைந்தர்களும்

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வீட்டு மாடியில் நாலு தொட்டி வைத்திருப்போரிடையே சில காலமாக ஒரு வழக்கு நடந்துவருகிறது. ஆங்கில ரோஜாவை இந்த ஊர்களில் வளர்க்கலாமா, கூடாதா என்பது வழக்கு. தோட்டக்காரர்கள் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய விவகாரத்தில் இலக்கியம் படிப்பவர்களுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வேலையில்லாமல்தான் இருந்தோம். கபிலரையும் தொல்காப்பியரையும் சாட்சிக்கூண்டில் ஏற்றியவர்கள் தோட்டக்காரர்கள். ஏற்றிய பிறகு குறுக்கு விசாரணைக்குக் கூசுவது முறையல்ல.

தரப்புகள் மூன்று. முதல் தரப்பு மண்ணின் மைந்தர்கள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்கியிருக்கிறார், அவற்றில் ரோஜா இல்லை, ஆகவே அது நம் பூ அன்று, அதிலும் 'ஆங்கில' என்ற அடைமொழியோடு வருவதை வாங்கி வைப்பது அடிமைப் புத்தி என்பது இவர்கள் கட்சி. இரண்டாம் தரப்பு ஆர்வலர்கள். இணையத்தில் படம் பார்த்து, ஓசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கூரியரில் செடி வரவழைத்து, படத்தில் கண்டது போல நூறு இதழ் அடுக்கிய கிண்ணம் விரியும் என்று காத்திருப்பவர்கள். மூன்றாம் தரப்பு அனுபவஸ்தர்கள். அதெல்லாம் ஊட்டியில் வரும், கொடைக்கானலில் வரும், இந்த வெயிலுக்கு வராது என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்பு எழுதிவிடுபவர்கள்.

மூவரும் ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டாலும் ஒரு விஷயத்தில் மூவருக்கும் உடன்பாடு இருக்கிறது. பூவுக்கு 'அசல்' என்று ஒன்று உண்டு, அந்த அசல் இங்கே இல்லை. முதல்வருக்கு அது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னே இருக்கிறது. இரண்டாமவருக்கு இங்கிலாந்தில். மூன்றாமவருக்கு மலையில். கண்முன் தொட்டியில் நிற்கும் செடியைப் பார்க்க ஒருவருக்கும் அவகாசமில்லை. நமது சச்சரவு இந்த உடன்பாட்டோடுதான்.

ஆங்கில ரோஜா என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுவது நல்லது, ஏசுகிறவர்களில் பாதிப்பேர் அதை விசாரித்ததாகத் தெரியவில்லை. டேவிட் ஆஸ்டின் என்பவர் (1926–2018) ஷ்ராப்ஷையரில் வேளாண் குடும்பத்தில் பிறந்தவர். பழைய ஐரோப்பிய ரோஜாக்களின் வாசனையும் இதழ் அடுக்கும் அவருக்குப் பிடித்திருந்தன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே பூப்பவை. நவீன ரோஜாக்களோ திரும்பத் திரும்பப் பூப்பவை. இரண்டையும் மணமுடித்தால் என்ன என்று யோசித்தார். 1961இல் வெளிவந்த முதல் செடி 'கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை'. அதுவும் ஆண்டுக்கொரு முறைதான் பூத்தது. மேலும் இருபது ஆண்டுகள் கலந்து கலந்து பார்த்து, 1983இல் செல்சீ மலர்க் கண்காட்சியில் 'கிரஹாம் தாமஸ்' என்ற மஞ்சள் ரோஜாவை வைத்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 'ஆங்கில ரோஜா' என்பது அவர் தம் செடிகளுக்கு வைத்துக்கொண்ட வணிகப் பெயர். அந்தக் கிரஹாம் தாமஸின் பாட்டன் பூட்டன் வரிசையில் ஜெர்மனியில் 1958இல் வெளியான 'ஐஸ்பெர்க்' இருக்கிறது, அமெரிக்க 'அலோஹா' இருக்கிறது. திரும்பத் திரும்பப் பூக்கும் குணமோ பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் ஐரோப்பாவுக்குப் போன சீன ரோஜாக்கள் கொடுத்தது. அவற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் 'வங்காள ரோஜா' என்றே அழைத்தார்கள். வங்காளமும் சீனமும் ஜெர்மனியும் கூடிப் பெற்ற பிள்ளைக்கு இங்கிலாந்து பெயர் சூட்டிவிட்டது. அந்தப் பெயரை நம்பி ஒரு தரப்பு கும்பிடுகிறது, அதே பெயரை நம்பி இன்னொரு தரப்பு காறித் துப்புகிறது.

மண்ணின் மைந்தர்களுக்கு வருவோம். பூர்விகம் பார்த்துத்தான் செடியை உள்ளே விடவேண்டும் என்றால் முதலில் திண்டிவனத்தைக் காலி செய்ய வேண்டியிருக்கும். ஊர்ப்பெயர் திந்திரிணி வனம் என்பதன் திரிபு, பொருள் புளியங்காடு என்று சொல்கிறார்கள். அங்கே கோயில்கொண்ட ஈசனுக்கும் திந்திரிணீசுவரர் என்றே பெயர். புளியமரமோ வெப்பமண்டல ஆப்பிரிக்காவில் தோன்றியது என்பது தாவரவியலார் முடிவு. அரேபியர் அதை 'இந்தியப் பேரீச்சை' என்று அழைத்தார்கள். அவர்களுக்கு நாம் கொடுத்தோம், நமக்கு ஆப்பிரிக்கா கொடுத்தது. அடுத்து நிலக்கடலை. டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று விதைக்கடையில் கேட்டு வாங்குகிறோமே, அந்த மூன்றெழுத்து திண்டிவனத்தைக் குறிப்பது. அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ரகங்கள் அவை. இந்த ஊரின் பெயரை நாடெங்கும் கொண்டுபோன அந்தப் பயிர் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. மயிலம் முருகனுக்கு வாங்கிப் போகும் மாலையில் சம்பங்கி இருந்தால் அது மெக்சிகோ. துலுக்கச் சாமந்தியும் மெக்சிகோ. செவ்வந்தி சீனம். வாசலில் நிற்கும் நித்தியகல்யாணி மடகாஸ்கர், மதிலில் படரும் காகிதப்பூ பிரேசில். 'டேபிள் ரோஸ்' என்று வேலி ஓரத்தில் நட்டு வைத்திருக்கிறார்களே, அதுவும் தென்னமெரிக்கா. இவற்றில் எதையும் கடவுச்சீட்டு கேட்டு யாரும் தடுத்ததில்லை. ரோஜா மட்டும் அகப்பட்டுக்கொண்டது, அதன் பெயரில் 'ஆங்கில' என்று இருந்துவிட்ட பாவத்துக்காக.

சங்கப் பூக்களின் மீது இவ்வளவு பற்றுடையவர்கள் அவற்றையாவது வளர்க்கிறார்களா? ஓய்மானாட்டு நல்லியக்கோடனைச் சிறுபாணாற்றுப்படை பாடுகிறது. அதில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்றும், கிடங்கில் திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கல் என்றும் அறிஞர் கூறுவர். இந்த மாவட்டத்து மண்ணைப் பற்றி நமக்குக் கிடைத்த பழைய வரைபடம் அதுதான். வழிநெடுக அவரை பூக்கிறது, காயா பூக்கிறது, முசுண்டை, காந்தள் பூக்கின்றன. காயா இன்றும் புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டில் இருக்கிறது, அழிந்துபோகவில்லை. பேருந்து ஏறினால் பார்த்துவிட்டு வரலாம். விதை எடுத்து ஒரு தொட்டியில் போட்டவர் எவரையும் நாம் இதுவரை சந்திக்கவில்லை. ஆனால் ரோஜாவுக்கு 'முளரி' என்று பெயர் மாற்றிச் சொல்பவர்களைத் தினம் சந்திக்கிறோம். சங்க நூல்களில் முளரி பெரும்பாலும் தாமரை. ஒரு பூவை விரட்டுவதற்காக இன்னொரு பூவின் பெயரைப் பிடுங்கிக் கொடுப்பதற்குத் தமிழ்ப்பற்று என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இனி தொல்காப்பியர். திணை என்றால் பூப்பட்டியல் என்று பள்ளிப் புத்தகங்கள் நம் தலையில் ஏற்றிவிட்டன. குறிஞ்சிக்கு இன்ன பூ, முல்லைக்கு இன்ன பூ என்று அட்டவணை போட்டு மதிப்பெண் வாங்கியாகிவிட்டது. நூல் சொல்லும் வரிசையே வேறு. முதற்பொருள் நிலமும் பொழுதும். பூவும் புள்ளும் விலங்கும் கருப்பொருள், அதாவது நிலமும் பொழுதும் அமைந்த பின் அவற்றில் பிறப்பவை. அதனோடும் நிற்கவில்லை. அகத்திணையியலில் ஒரு நூற்பா இந்த வழக்குக்காகவே எழுதியது போல இருக்கிறது. எந்த நிலத்துப் பூவும் புள்ளும், தமக்குரிய நிலத்தையும் பொழுதையும் விட்டு வேறு நிலத்தில் வந்து தோன்றினால், வந்து சேர்ந்த நிலத்தின் பயனை உடையவையாகவே கொள்ளப்படும் என்கிறார். வகுப்பில் திணைமயக்கம் என்று நடத்துகிறோம், மாணவர்கள் எழுதித் தேறிவிடுகிறார்கள். அதன் பொருளை நின்று நினைப்பதில்லை. புறப்பட்ட இடத்தை வைத்துப் பூவை அடையாளம் காணாதே, வந்து சேர்ந்த இடத்தை வைத்துக் காண் என்று நம்முடைய இலக்கணம் அவ்வளவு காலத்துக்கு முன்பே சொல்லிவிட்டது. இதைவிடத் தாராளமான குடியுரிமைச் சட்டம் எந்த நாட்டில் இருக்கிறது?

பூச்செடி விஷயத்துக்கு இவ்வளவு கோபம் எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். 'கலப்பு', 'கலப்படம்', 'தூய நாட்டு இனம்' என்று இந்தச் சண்டையில் புழங்கும் சொற்கள்தான் காரணம். கலந்ததெல்லாம் கெட்டது என்ற எண்ணம் தொட்டியோடு நிற்பதில்லை. வட மாவட்டங்களில் 'கலப்பு' என்ற சொல்லுக்கு இளம் பிள்ளைகள் கொடுத்த விலை என்னவென்று நமக்குத் தெரியும். இந்த மாவட்டம் முழுக்கக் கரும்பு. ஆலைக்குப் போகும் அந்தக் கரும்பின் வம்சத்தில் வயல் கரும்பையும் காட்டு நாணலையும் கலந்த கோயம்புத்தூர் ஆராய்ச்சி இருக்கிறது. அந்தக் கலப்பால்தான் கரும்பு பிழைத்தது. உழவருக்குத் தெரிந்த இந்தச் செய்தி படித்தவர்களுக்கு மட்டும் கசக்கிறது.

இதைப் படித்துவிட்டு ஆர்வலர் தரப்பு கைதட்டத் தொடங்கியிருக்கும். அவசரம் வேண்டாம். தொல்காப்பியரின் நூற்பா அவர்களுக்குத்தான் இன்னும் கடினமானது. வந்த நிலத்தின் பயனைத்தான் பூ தரும். விழுப்புரத்தின் நிலமும் பொழுதும் என்ன? சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடும் வெயில். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழை. உப்பேறிய ஆழ்துளைக் கிணற்று நீர். இதில் நட்ட ஆங்கில ரோஜா படத்தில் இருப்பது போல இருக்காது. வெயில் ஏற ஏற பூ சிறுக்கும், இதழ் குறையும், காலையில் விரிந்தது மாலையில் கொட்டும், நிறம் வெளுக்கும். செடியோ மாறாக, அட்டையில் நாலடி என்று போட்டிருந்தால் எட்டடிக்குச் சாட்டை போலக் கிளை வீசும். கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இதே கதைதான். அங்குள்ளவர்கள் அந்த நீளக் கிளையை வளைத்துப் படுக்கையாகக் கட்டினார்கள், கணுவுக்குக் கணு பூ வந்தது. நம்மவர்கள் அட்டையைப் பார்த்து அளந்து வெட்டுகிறார்கள்.

வெட்டும் காலத்தையும் அட்டையே தீர்மானிக்கிறது. குளிர் முடிந்து இளவேனில் வருமுன் கவாத்து செய் என்று இங்கிலாந்துப் புத்தகம் சொன்னால் மாசியில் கத்தரி எடுத்துவிடுவார்கள். அந்தக் கவாத்தில் துளிர்க்கும் இளந்தளிர் நேராகச் சித்திரை வெயிலின் வாயில் போய் விழும். பிறகு செடி கருகிவிட்டது, ஏமாற்றிவிட்டான் என்று நர்சரிக்காரரை வைவார்கள். நம் ஊரில் ரோஜாவின் பெரும்பொழுது முன்பனியும் பின்பனியும். மழை ஓய்ந்து கார்த்திகைக் கடைசியில் வெட்டினால் ஏறக்குறைய நாற்பத்தைந்து நாளில், தை நடுவில் பூ வரும். மழை நடுவே வெட்டினால் வெட்டுவாய் வழியாக நுனிக்கருகல் இறங்கும், இலையில் கரும்புள்ளி ஏறும். மாசி தாண்டினால் பூவைக் கேட்காமல் செடியைப் பிழைக்க விட்டால் போதும். மொட்டைக் கிள்ளிவிட்டு, மேற்கு வெயில் படாத இடத்துக்குத் தொட்டியை நகர்த்தி, வேர்ப்பகுதியைச் சருகால் மூடவேண்டும். ஆண்டு முழுவதும் பூவேண்டும் என்று வைகாசியில் உரமும் மருந்தும் ஊற்றுகிறவர் பூ வளர்க்கவில்லை, படத்துக்கு உயிர் கொடுக்கப் பார்க்கிறார்.

ஐந்திலை, ஏழிலை என்று ஒரு மூடநம்பிக்கையும் இவர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. ஒரு காம்பில் ஐந்து சிற்றிலை இருந்தால் நல்ல செடி, ஏழு இருந்தால் காட்டுச் செடி, உடனே வெட்டு என்பார்கள். ஆங்கில ரோஜாக்கள் பலவற்றுக்கும் பழைய ரோஜாக்களுக்கும் ஏழு சிற்றிலை இயல்பாக வரும். ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழிருந்து, வேர்ச்செடியிலிருந்து கிளம்பும் தளிரை மட்டுமே நீக்கவேண்டும். எங்கிருந்து கிளம்புகிறது என்று குனிந்து பார்க்காமல் மேலே எண்ணிக்கை பார்த்து, ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய செடியின் நல்ல கிளைகளைத் தாமே வெட்டி எறிந்துவிட்டு, 'செடி காட்டுச் செடியாக மாறிவிட்டது' என்று சொல்பவர்கள் உண்டு.

எல்லாவற்றையும் மன்னித்தாலும் இவர்கள் பன்னீர் ரோஜாவைப் பேசும் பேச்சை மன்னிக்க முடியாது. 'சாமி படத்துக்குப் போடுகிற பூ', 'ஒரு நாள் தாங்காது', 'அதெல்லாம் ரோஜாவா?' நம் சமவெளியில் உதிரிப்பூவாக விற்கும் எட்வர்டு ரோஜா, பூர்போன் இனத்தைச் சேர்ந்தது. பூர்போன் என்பது ரீயூனியன் தீவின் பழைய பெயர். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர்கள் கரும்புத் தோட்டங்களுக்குப் போன அதே தீவு. அங்கே வேலியாக நட்ட சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் தாமாகக் கலந்து பிறந்த செடி 1817 வாக்கில் பிரியோன் என்ற தாவரவியலார் கண்ணில் பட்டது, அதன் விதை பிரான்சுக்குப் போனது என்று ரோஜா வரலாறு சொல்கிறது. பின்னால் வந்த நவீன ரோஜாக்களில் பெரும்பாலானவற்றின் வம்சத்தில் பூர்போன் உண்டு. அந்த நவீன ரோஜாக்களைப் பழையவற்றோடு சேர்த்துத்தான் ஆங்கில ரோஜா. ஆக, கூரியரில் வந்த சீமாட்டியும் பூக்கடைக் கூடையில் கிடப்பவளும் ஒரே குடும்பம். வட இந்தியச் சமவெளிகளில் உயர்ந்த ரோஜாக்களை ஒட்டுக் கட்டுவதற்கு எட்வர்டை வேர்ச்செடியாகவும் வைப்பார்கள். மண்ணுக்குள் நின்று நீர் இழுத்துக் கொடுப்பவளுக்கு மேலே பெயரட்டை கிடையாது. சொல்லப்போனால் எட்வர்டுதான் தொல்காப்பியர் சொன்னபடி வந்த நிலத்தின் பயனைக் கொண்ட பூ. யாரும் நிழல்வலை கட்டாமலே சித்திரையைத் தாண்டுகிறது.

மலைக்குத்தான் லாயக்கு என்போரின் வாதம் பாதி உண்மை. 1995இல் தொடங்கிய உதகை அரசு ரோஜாப் பூங்கா, 2006இல் உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு தரும் சிறந்த தோட்ட விருதைப் பெற்றது. சமவெளியில் அப்படி ஒன்று வராது, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் வராது என்று சொல்லிக் கையைக் கழுவியது அவர்களுடைய சோம்பல். அதே மலையில் இருந்துகொண்டு சமவெளிக்காக யோசித்தவர்கள் உண்டு. இந்திய ஆட்சிப் பணியை விட்டுக் கொடைக்கானலில் குடியேறிய எம்.எஸ். வீரராகவனும் அவர் துணைவியார் கிரிஜா வீரராகவனும், வெப்ப நாடுகளுக்கான ரோஜாக்களை உருவாக்குவதில் பல பத்தாண்டுகளைச் செலவிட்டார்கள். ஐரோப்பியச் செடிகள் குளிருக்காகப் பிறந்தவை, அவற்றோடு இந்தியாவின் காட்டு ரோஜாக்களைக் கலக்கவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். மணிப்பூர் மலையின் 'ரோசா ஜைகாண்டியா', கீழ்த்திசை ஆற்றங்கரைகளில் வெள்ளத்தில் மூழ்கியும் பிழைக்கும் 'ரோசா கிளைனோஃபில்லா' இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். தாம் உருவாக்கிய மஞ்சள் ரோஜா ஒன்றுக்கு ஈ.கே. ஜானகி அம்மாளின் பெயரை வைத்தார்கள். கோயம்புத்தூரில் கரும்பின் கலப்பினங்களை ஆராய்ந்த அதே ஜானகி அம்மாள். நாட்டு இனம் நாட்டு இனம் என்று முழங்குவோர் இந்த இரண்டு காட்டு ரோஜாக்களின் பெயரை ஒருமுறையாவது உச்சரித்ததை நாம் கேட்டதில்லை. கேட்டால் அங்கேயும் 'கலப்பு' வந்துவிடும்.

வெள்ளத்தில் பிழைக்கும் ரோஜா என்பது இந்த மாவட்டத்துக்குச் சின்னச் செய்தி அன்று. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. நெல்லும் வீடும் போனவர்கள் நடுவே தொட்டி ரோஜாவைப் பற்றிப் பேசுவது அழகல்ல. ஆயினும் வேர் அழுகி நின்ற தொட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் ஒரு கேள்வியையும் எண்ணியிருக்கலாம். நிலக்கடலைக்குச் செய்ததை ரோஜாவுக்கு ஏன் செய்யக்கூடாது? டி.எம்.வி. 2 எப்படி வந்தது? குடியாத்தம் கொத்துக்கடலையிலிருந்து நல்ல செடிகளைத் தேர்ந்து, திரும்ப விதைத்து, திரும்பத் தேர்ந்து 1940இல் வெளியிட்டது அது. அந்தத் தேர்ந்தெடுக்கும் வேலைக்கு மலை வேண்டாம். தை மாசத்துப் பூவைக் கிள்ளாமல் விட்டால் இதழ் குறைந்த வகைகள் சிலவற்றில் காய் பிடிக்கும். பழுத்ததும் விதையெடுத்து, ஈர மணலில் கலந்து குளிர்சாதனப் பெட்டியில் சில வாரம் வைத்து விதைக்கலாம். நூறு விதையில் பத்து முளைக்கும், பத்தில் எட்டு சித்திரையில் சாகும், சாகட்டும். பக்கத்தில் எட்வர்டு பூத்திருந்தால் அதன் மகரந்தத்தை ஆங்கில ரோஜாவின் சூலகத்தில் ஒரு தூரிகையால் தடவிவிடலாம், ஆஸ்டின் செய்ததும் அடிப்படையில் அதுதான். இரண்டு கோடையும் ஒரு மழையும் தாண்டி மாடியில் நிற்கும் நாற்றுக்குப் பெயர் வைக்கவேண்டி வரும்போது முளரிக்காரர்களைத் தாராளமாகக் கூப்பிடலாம், நமக்கு ஆட்சேபணை இல்லை.